வினிகர் பாதி, கோட்டிங் பாதி

குர்ட் லோபெக் மறுபடியும் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்துவிட்டான். விடிந்ததிலிருந்து இது நான்காவது தடவை.

தன் டிரெய்லர் வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் அவன் தண்ணீரைப் பீய்ச்ச, அது முத்து முத்தாகத் திரண்டு சரசரவென்று உருண்டு கீழே விழுந்தது. மடக்கு நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்த ஏழெட்டுப் பேர் தலையை ஆட்டி ரசித்தார்கள். எதிர் வரிசையில் தன் டிரெய்லர் வாசலில் காபியோடு நின்ற வெர்லின் ஹாஸ்கெட்டுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

குர்டுக்கு அறுபத்தொன்பது வயது. பேரன் பேத்தி எடுத்தவன். இருந்தாலும் அவனுக்கு மரியாதை கொடுக்க வெர்லினுக்கு மனசு வராது. அந்தக் குழாய்க் கூத்தைப் பார்த்தால் நமக்கும் வராது.

"செராமிக் கோட்டிங்," என்றான் குர்ட், கூட்டத்துக்குச் சொல்கிற சாக்கில் வெர்லினுக்கு. "யூமா டவுனுக்கு இழுத்துட்டுப் போய்ப் போட்டேன். அஞ்சு வருஷத்துக்குத் தூசி ஒட்டாது, வெயில் அரிக்காது. சில பேரு இன்னும் வினிகரை ஊத்தித் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. பாவம்."

வெர்லினுக்குச் சுருக்கென்றது. அந்த வினிகர் அவருடையது.

வடக்கு டகோட்டாவில் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் வெர்லின். ஊரில் பனி கொட்ட ஆரம்பித்ததும் மனைவி ஆர்டிஸோடு அரிசோனாவுக்கு வந்துவிடுவார். ஏப்ரலில் டிரெய்லரை யூமா கிடங்கு ஒன்றில் நிறுத்திவிட்டு ஊர் திரும்புவார், நவம்பரில் வந்து எடுப்பார். பதினோரு குளிர்காலமாக இதுதான் பழக்கம். பாலைவன வெயில் அந்தப் பதினோரு வருஷமும் டிரெய்லரின் வெள்ளைச் சுவரை அரித்துச் சுண்ணாம்பாக்கிவிட்டது. சாய்ந்தால் போதும், சட்டை முதுகெல்லாம் வெள்ளை மாவு. ஆர்டிஸ் அதைத் துவைத்துத் துவைத்து அலுத்துப் போனாள்.

இந்த நவம்பரில் அந்த அதிசயம் நடந்தது. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூடி வினிகர் கலந்து, வெர்லின் ஒரே ஒரு தடவை துடைத்தார். மாவு போன இடம் தெரியவில்லை. சுவரில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்போல் இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு அந்த டிரெய்லர் பேட்டையில் 'வினிகர் வெர்லின்' என்று பெயர். முப்பது குடும்பங்கள் வினிகர் வாங்கித் துடைத்தன. பேட்டை முழுக்க ஊறுகாய் வாடை அடித்ததே தவிர, ஒருத்தர் டிரெய்லரும் அப்படிப் பளபளக்கவில்லை.

"வினிகர் மட்டும் போதாது. மணிக்கட்டுல இருக்கு விஷயம்," என்று வெர்லின் எல்லோருக்கும் விளக்கிவந்தார்.

இப்போது இவன் குழாயோடு கிளம்பியிருக்கிறான்.

"விட்டுத் தள்ளு, வெர்லின்," என்றாள் ஆர்டிஸ், குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமல். "நம்ம டிரெய்லர்தான் நல்லாப் பளபளன்னு இருக்கே."

"அதைத்தான் சொல்றேன். கோட்டிங்கே போடாம இப்படிப் பளபளக்குதுன்னா அதை எதுக்குப் போடணும்? ஊரை ஏமாத்தற வேலை. இதைப் பாத்துட்டு நான் சும்மா இருக்கணுமா?"

"இருந்து பாரேன். ஒரு தடவையாவது."

அவர் இருக்கவில்லை. காபிக் கோப்பையோடு தெருவைத் தாண்டினார்.

"குர்ட், அந்தக் காசுக்கு நீ ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கலாம்."

"ஃப்ரிட்ஜ் வெயில்ல பளபளக்காதே, வாத்தியாரே."

"என்னுது பளபளக்குது. வெறும் வினிகர்ல."

"அப்ப சோதிச்சுப் பாத்துடுவோமா?" என்றான் குர்ட். "உன் டிரெய்லர்லயே. கதவுப் பக்கத்துச் சுவர்ல நடுவுல நீல டேப் ஒட்டு. இடது பாதிக்கு நீயே உன் கையால கோட்டிங் போடு. வலது பாதிக்கு உன் வினிகர். சனிக்கிழமை பேன்கேக் விருந்துல எல்லாரும் பாக்கட்டும். தோத்தவன் மைக்கைப் பிடிச்சு, 'நீ சொன்னதுதான் சரி'ன்னு சொல்லணும்."

கூட்டம் நாற்காலிகளை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டது. 'நீ சொன்னதுதான் சரி' என்ற வாக்கியத்தை வெர்லின் நாற்பத்து நான்கு வருஷ இல்லறத்தில் ஆர்டிஸிடமே இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல். அதை குர்ட் லோபெக்கிடம், மைக்கில், நூறு பேர் முன்னால் சொல்வதைவிட டிரெய்லரை விற்றுவிட்டு ஊரில் பனியிலேயே கிடக்கலாம்.

"சரி," என்றார் வெர்லின்.

விஷயத்தைக் கேட்டதும் ஆர்டிஸ் முதல் தடவையாகப் புதிரை மூடி வைத்தாள்.

"எதுக்கு நம்ம டிரெய்லர்ல? பிக்கப் வண்டியில பண்ணேன்."

"சவால் டிரெய்லருக்கு."

"கோட்டிங் போடறதுக்கு முன்னாடி மிஷினால தேய்ப்பாங்களே. அது மட்டும் வேணாம். நல்லா இருக்கறதை ஏன் தேய்க்கணும்?"

"தேய்க்காமப் போட்டா, 'சரியாப் போடலை'ன்னு அவன் பேசுவான். நீ அவன் கட்சியா?"

"நான் யார் கட்சியும் இல்லை," என்று ஆர்டிஸ் புதிரைத் திரும்பத் திறந்தாள். "சொன்னேன். கேட்டுக்கோ."

புதன்கிழமை காலை வெர்லின் நீல டேப்பை ஒட்டி, பாலிஷ் பசையைத் தடவி இடது பாதியைத் தேய்க்க ஆரம்பித்தார். வழவழவென்று கண்ணாடிபோல் ஏதோ ஒன்று; துணி வழுக்கியதே தவிர ஒன்றும் கழன்று வரவில்லை. பதினோரு வருஷத் தூசி பாறையாக இறுகியிருக்கிறது என்று அரிசோனாவைத் திட்டினார். மத்தியானத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது. கையால் ஆகாது, மிஷின் வேண்டும். பேட்டையில் மிஷின் வைத்திருந்தவன் ஒரே ஒருத்தன்.

"தாராளமா எடுத்துட்டுப் போ," என்றான் குர்ட், பல்லெல்லாம் தெரிய.

மிஷினைக் கடன் வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டிய அந்த முப்பது அடி, வெர்லின் வாழ்க்கையிலேயே நீண்ட நடை. அந்த ஆத்திரத்தை எல்லாம் சுவரில் காட்டினார். இடது பாதி பளபளப்பை இழந்து பால் கலந்த தண்ணீர் நிறத்துக்கு வந்தது. மறுநாள் உச்சி வெயிலில், குர்ட் கொடுத்த டப்பாவைத் திறந்து கோட்டிங்கைப் பூசினார். அது அடுப்பில் ஊற்றிய முட்டைபோல் பூசின இடத்திலேயே இறுகி, திட்டுத் திட்டாக எண்ணெய்க் கறை மாதிரி நின்றது.

"நிழல்ல போடணும்னு டப்பாவுல எழுதியிருக்குமே," என்று எதிர் வரிசையிலிருந்து குரல் வந்தது.

எழுதியிருந்தது. கண்ணாடி இல்லாமல் வெர்லின் படிக்கவில்லை. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிழலுக்காக டிரெய்லரின் துணிப் பந்தலை இழுத்து விரித்தார். இன்னொரு கை பூசினார். காய்வதற்குள் பாலைவனக் காற்று ஒன்று வீசியது. பந்தலின் மடிப்பில் தங்கியிருந்த ஒரு வருஷத்துப் புழுதி பொலபொலவென்று ஈரத்தின்மேல் கொட்டியது. சுவர் வடை தட்டின மாவுபோல் சொரசொரப்பாகிவிட்டது. அதை மிஷினால் தேய்த்தார். மிஷின் ஒரே இடத்தில் நின்று சுற்றியதில் வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பு விழுந்தது. அந்தத் தழும்பை மறைக்கச் சுற்றிலும் தேய்த்தார். அதற்கு மேலும் இரண்டு கை பூசினார்.

ஆர்டிஸ் நாற்காலியைப் பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை குர்ட் வந்து பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ வேணும்னே கெடுத்திருக்கே, வெர்லின்."

இதை மட்டும் வெர்லினால் தாங்க முடியாது.

"முப்பத்தெட்டு வருஷம் குழந்தைங்க போற பஸ்ஸைப் பாத்தவன்யா நான். ஒரு பிரேக்கை, ஒரு போல்ட்டை அரைகுறையா விட்டதில்லை. என்னைப் பாத்து வேணும்னே கெடுத்தேன்னு சொல்றியா? உன் டப்பாவைத் திட்டு. நாலு கை பூசியிருக்கேன். நாலு."

"தெரிஞ்சவங்க பாத்தாச் சொல்லிடுவாங்க."

"கூட்டிட்டு வா. யூமாவுல எந்தக் கோட்டிங் ஆளை வேணா கூட்டிட்டு வா. மைக்குல சொல்லட்டும்."

"எனக்குப் போட்டுக் குடுத்த யொலாண்டாவையே வரச் சொல்றேன்."

ஆர்டிஸின் பென்சில் கீழே விழுந்தது. "சனிக்கிழமையில ஒருத்தியை எதுக்கு அலைக்கழிக்கணும்? ரெண்டு பேரும் கை குலுக்கிட்டுப் பேன்கேக் சாப்பிடுங்களேன்."

"வரணும்," என்றார் வெர்லின். "கட்டாயம் வரணும். இன்னிக்கு என் நேர்மையைப் பத்திப் பேச்சு வந்தாச்சு."

"வெர்லின், நான் உன்கிட்ட ஒண்ணு..."

"நாளைக்குச் சொல்லு, ஆர்டிஸ். ஜெயிச்சதுக்கப்புறம்."

ஆர்டிஸ் பென்சிலை எடுத்துக்கொண்டு, "சரி, நாளைக்கு," என்றாள்.

சனிக்கிழமை காலை பேன்கேக் விருந்தை வெர்லின் டிரெய்லர் முன்னாலேயே போட்டார்கள். பேட்டை முழுக்கத் தட்டும் கையுமாக வந்து நின்றது. மைக்கும் ஒலிபெருக்கியும் பேட்டையின் பிங்கோ விளையாட்டு மண்டபத்திலிருந்து வந்தன. வலது பாதிக்கு மட்டும் வெர்லின் அன்று காலை இரண்டு மூடி வினிகர் கலந்து, வழக்கம்போல் மணிக்கட்டைச் சுழற்றித் துடைத்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்று குர்ட் குழாயைத் திறந்தான்.

இடது பாதியில் பட்ட தண்ணீர் சட்டை நனைந்ததுபோல் சப்பென்று ஒட்டி அழுக்குக் கோடுகளாக வழிந்தது. வலது பாதியில் பட்டது முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. குர்டின் டிரெய்லரில் ஓடியதைவிட வேகமாக ஓடியது. சுவரில் ஒரு சொட்டு நிற்கவில்லை.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரோ "வினிகர், வினிகர்" என்று தாளம் போட்டார்கள். குர்ட் குழாயை மூடினான். அவன் தோள் தொங்கிப்போயிருந்தது. மைக்கை வாங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"வெர்லின், நீ சொன்னதுதான் சரி."

"கேக்கலையே."

"நீ சொன்னதுதான் சரி."

குர்டின் வாயிலிருந்து இதைக் கேட்கப் பதினோரு குளிர்காலம் ஆகியிருக்கிறது. வெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டு அவர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 'வேணும்னே கெடுத்தே' என்ற சொல் இன்னும் நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. ஐம்பது வயசிருக்கும், கையில் மைக்ரோஃபைபர் துணியோடு ஒரு பெண்மணி இறங்கினார். யொலாண்டா ரென்டெரியா. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நேராகச் சுவரிடம் போனார். வலது பாதியைப் புறங்கையால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இடது பாதியைத் தடவினார். குனிந்தார். அந்த வட்டத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டினார். பின்னால் இரண்டடி நகர்ந்து டிரெய்லரின் எண் பலகையைப் படித்தார்.

"சொல்லுங்கம்மா," என்று வெர்லின் மைக்கை அவர் வாயருகே நீட்டினார். "பேட்டை முழுக்கக் கேக்கட்டும். எந்தப் பாதி ஒசத்தி? நான் வேலையில ஏதாவது குறை வச்சேனா? கூசாமச் சொல்லுங்க."

யொலாண்டா வெர்லினைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் கடைசியில், பேன்கேக் தட்டால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆர்டிஸைப் பார்த்தார்.

"மேடம், போன ஏப்ரல்ல நீங்க நேர்ல வந்து சொல்லி, கிடங்குல வச்சு இந்த டிரெய்லர் முழுசுக்கும்தானே கோட்டிங் போட்டுக் குடுத்தேன்," என்றார் ஒலிபெருக்கியில், "இந்த இடது பாதியை எந்தப் புண்ணியவான் சுரண்டி எடுத்தது?"