பிரேம்காரர் கடைச் சீமாட்டி

வந்த வியாபாரத்தை விரட்டுவதில் எங்கள் சித்தூர் பஜார் பிரேம்காரரை மிஞ்ச இன்னொருத்தர் பிறந்து வரவேண்டும். சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு விற்பது தொழில். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் கண் போவதெல்லாம் ஒரே படத்தின் மேல்தான். அதை மட்டும் மனுஷர் விற்க மாட்டார்.

செப்புத் தகட்டில் முடியிழை மாதிரி கோடு கீறி அச்சடித்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. இறகு வைத்த தொப்பி, கழுத்தில் முத்துச்சரம், சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு சிரிப்பு. ஊரைவிட்டுப் போன யாரோ துரையின் பங்களா ஏலத்தில் எடுத்தாராம். தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் இல்லை என்பார், தெலுங்கில் கேட்டால் தமிழில். ஒரு மிராசுதார் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தே கேட்டார். "லட்சுமி இருக்கா, சரஸ்வதி இருக்கா, கூட்டிக்கினு போங்க. இந்தம்மா வராது" என்று அனுப்பிவிட்டார்.

ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து, சித்தூர் எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை அடித்துக்கொண்ட நேரம். போர்டைத் தெலுங்கில் எழுது என்று ஒரு கும்பல், தமிழில் எழுது என்று ஒரு கும்பல். இவர் போர்டையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் சீமாட்டியை மாட்டினார். இரண்டு கும்பலும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டன.

அந்த வருஷம்தான் எங்கம்மா ஜுரத்தில் போய்விட்டாள். எனக்கு ஏழு வயசு. படையல் போட ஒரு படம் வேண்டும், அம்மாவோ ஆயுசில் போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை. யார் வீட்டுக் கல்யாணப் போட்டோவிலாவது மூலையில் நிற்கிறாளா என்று நைனா என்னை இழுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தார். எதிலும் இல்லை. கடைசியில் பிரேம்காரர் கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"இந்தப் பொண்ணுக்கு அவ மொகம் மறந்துட்டா நான் என்னா பண்றது அண்ணா?"

பிரேம்காரர் எழுந்தார். ஏணி போட்டு ஏறிச் சீமாட்டியை இறக்கினார். தாளைத் தொட மனசு வரவில்லை போலிருக்கிறது, கண்ணாடி மேலேயே வர்ணத்தால் பொட்டு வைத்தார், மூக்குத்தி போட்டார், தொப்பி மறைகிற மாதிரி முந்தானை இழுத்துவிட்டார். முத்துச்சரத்துக்கு மஞ்சள் பூசித் தாலிச்சரடு ஆக்கினார். "இந்தா கண்ணு, உங்கம்மா. பத்திரமா வெச்சிக்கினு இரு" என்று என் கையில் கொடுத்தார்.

படையலன்று அத்தை அதைப் பார்த்ததும், அப்படியே அவள்தான் என்று தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா எப்போது இவ்வளவு சிவப்பானாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நைனா பயந்தபடியேதான் ஆயிற்று. அம்மாவின் நிஜ முகம் எனக்கு மறந்துவிட்டது. அம்மா என்று நினைத்தால் வருவது அந்த முகம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊருக்கெல்லாம் பிரேம் போட்டவர் போன பிறகு பார்த்தால், அவருக்குத்தான் ஒரு படம் கிடையாது. இருந்திருந்தால் அம்மா பக்கத்திலேயே மாட்டியிருப்பேன்.