டோக்கன் இல்லாத கோட்டும் ஒளியை முந்திய கப்பலும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்களைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கும் சலவைக்கடை மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை, மகள், இரண்டு சலவை இயந்திரங்கள் எல்லோரும் நலம். மூன்றாவது இயந்திரத்துக்குத்தான் உடம்பு சரியில்லை, காரணம் கீழே வருகிறது. இந்த வருஷமும் வர முடியவில்லை, அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் தங்கை வழக்கம்போல ஒருமுறை படித்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

நிற்க. தலைபோகிற விஷயம் மச்சான்! விண்ணோடி என்ற எழுத்தாளரை இந்த மாதம் முடிவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். நீங்கள் வெளிநாடு போவதற்கு முன் அச்சகத்தில் வேலை பார்த்தவர். உங்களை விட்டால் எனக்கு நாதியில்லை.

என் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கடல் தாண்டி ஏதோ ஒரு மலை உச்சியில் வீடு அளவு தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்களாம், அதன் கண்ணாடியைத் தூசி தும்பு இல்லாமல் கழுவித் துடைக்கிற குழுவில் இவளும் ஒருத்தி. கழுவுறதுன்னா நம்ம தொழிலாச்சே! எனக்குத் தலைகால் புரியவில்லை. "நான் போர்வை வெளுக்கிறேன், என் பொண்ணு வானத்தை வெளுக்கப் போறா" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். உங்கள் தங்கைதான் ஒரே பிடியாக "வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டால், "போனவங்க யாரு திரும்பி வந்திருக்காங்க?" என்கிறாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாதக் கடைசிக்குள் பதில் எழுதாவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடும். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள், இரண்டு பேருக்கும் நடுவில் நான் பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கோட்டு வந்தது. டோக்கன் இல்லாமல் என் கடையில் ஒரு கைக்குட்டைகூட உள்ளே வராது, வெளியேயும் போகாது என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருக்க, காலையில் பார்த்தால் மேஜைமேல் பழைய சாம்பல் நிறக் கோட்டு ஒன்று, டோக்கன் இல்லாமல் ஹாயாகப் படுத்திருக்கிறது! இஸ்திரி போடுகிறவரைப் பிடித்து உலுக்கினேன். "சத்தியமா நான் வாங்கலைங்க" என்றார். சரி, தண்ணீரில் போடுவதற்கு முன் பையைத் துழாவ வேண்டும் என்பது தொழில் தர்மம், துழாவினேன். உள்பையில் பழுப்பேறிய ஒரு குட்டி நாவல். 'ஒளியை முந்திய கப்பல்', எழுதியவர் விண்ணோடி. அட்டையில் சுருட்டு மாதிரி ஒரு கப்பல், பக்கத்தில் ஒரு பச்சை நிலா. ஒரு பக்கம் பார்ப்போமே என்று நின்றவாக்கிலேயே திறந்தேன், நிமிர்ந்து பார்த்தால் கடை மூடுகிற நேரம்!

அடடா, என்ன கதை மச்சான்! சூரிய ஒளியை ஒரு கொப்பரையில் போட்டு அமுக்கி, பின்பக்கமாகத் திறந்துவிட்டால் கப்பல் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவுகிறது. நீராவியோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், சொல்கிறேன், இது நடக்கும்! மறுநாள் முதல் முக்காலிமேல் ஏறி நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். பச்சை நிலாவில் எல்லோருக்கும் மூன்று கை என்றதும் இஸ்திரிக்காரர், "எனக்கு மூணு கை இருந்தா எத்தனை சட்டை தேய்ப்பேன்" என்று பெருமூச்சு விட்டார். கப்பல் இரண்டு சூரியனுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதா, மனுஷன் இஸ்திரிப் பெட்டியை வக்கீலோட கறுப்பு கோட்டு மேலயே வச்சுட்டு வாயைப் பொளந்துட்டு நின்னுட்டாரு. புகை வந்தப்புறம்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. சண்டைக்கு வந்த வக்கீல் ரெண்டு நிமிஷம் கத்தினார், மூணாவது நிமிஷம் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "அப்புறம் கப்பல் என்னாச்சு?" என்கிறார்! கதை கேக்குற அவசரத்துல நான் போர்வையெல்லாம் ஒரே பக்கமா அமுக்கி மூணாவது மெஷினைப் போட்டுவிட, அது குதிச்சுக் குதிச்சு வாசல்வரைக்கும் நடந்தே போயிடுச்சு. "கேப்டன் கிளம்பினப்போ இப்படித்தான் தரை அதிர்ந்திருக்கும்" என்றேன் நான். மெக்கானிக் சொன்னதைக் கடிதத்தில் எழுத முடியாது.

இவ்வளவையும் உங்கள் தங்கை உள்ளே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயத்தில் கொப்பரை விரிசல் விடுகிறது. இங்கே பூமியில் கேப்டனின் சின்னத் தங்கை வெட்டவெளியில் அண்ணாந்து நிற்கிறாள். 'கப்பல் திரும்புமா? இரண்டாம் பாகத்தில் காண்க.' அவ்வளவுதான்! பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கிவிட்டேன், இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் உங்கள் தங்கை நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அந்தக் கப்பல் திரும்பி வந்துச்சுன்னா இவ போகட்டும். வரலைன்னா பேச்சே கிடையாது" என்றாள். மகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்ன சொல் மாறக்கூடாதும்மா" என்றாள். வக்கீல்கூட, சாட்சிகள் முன்னால் சொன்னது செல்லும் என்றுவிட்டார்.

ஆகவே மச்சான், அந்த விண்ணோடி உயிரோடு இருந்தால் பிடித்து இரண்டாம் பாகத்தை எழுதி வாங்குங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே எழுதிவிடுங்கள். உங்களுக்குக் கதையெல்லாம் வராது என்று தெரியும், உங்கள் கடிதமே நாலு வரிதான். 'கப்பல் பத்திரமாக வந்து இறங்கியது' என்று ஒரே ஒரு வரி போதும், கீழே விண்ணோடி என்று கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஆனா ஒண்ணு, அந்த ஆளை மட்டும் நான் நேர்ல பார்த்தேன்னா, நறுக்குன்னு நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன். சின்னப் பொண்ணை வெட்டவெளியில நிக்க வச்சுட்டு எங்கயோ போய் நிம்மதியா உக்காந்திருக்கான் பாருங்க, அவனெல்லாம் ஒரு மனுஷனா?

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் கறை படாமல், சாயம் போகாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். சிரித்தாள், அழுதாள், அப்புறம் என்னைத் திட்டினாள். மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள் மச்சான், முக்கியமாக அந்த நாலு கேள்வியை. விண்ணோடி யாரென்று தெரிந்துவிட்டது. கோட்டு யாருடையது என்றும் தெரிந்துவிட்டது. கிளம்புகிற அன்று, "இதை வச்சிரு, ரெண்டாம் பாகத்தை நேர்ல வந்து சொல்றேன்" என்று நீங்கள் எழுதிய கதையைக் கோட்டுப் பையில் வைத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்களாமே. உங்கள் 'அடுத்த வருஷம்' கடிதம் வந்த அன்று, இனி நீங்கள் வரப்போவதில்லை என்று முடிவுகட்டி, வெளுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் கடையில் கொண்டுவந்து போட்டாளாம். பையில் கப்பல் இருந்ததையே மறந்துவிட்டிருக்கிறாள். "ஒரு வரிகூட எழுதி அனுப்ப வேண்டாம், அண்ணனை வந்து இறங்கச் சொல்லுங்க" என்கிறாள். என் மகளின் மலை உச்சி உங்கள் கையில் இருக்கிறது. கோட்டைத் தேய்த்து வாசல் பக்கம் மாட்டியிருக்கிறேன். மாதம் முடிவதற்குள் வந்துவிடுங்கள் மச்சான், உங்களிடம் டோக்கன் கேட்க மாட்டேன்.