பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, மாமா

போடிநாயக்கனூர்
12.03.2025, புதன், காலை 8.10

சிலமலையில் இருக்கும் தாய்மாமா யோகராஜ் அவர்களுக்கு, மருமகன் ஈஸ்வர் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி தவிர எல்லாம் சுகம். உங்க சுகத்தை நான் விசாரிக்கப் போறதில்லை. நீங்க சுகமா இருக்கிறதுதான் பிரச்சினையே. வாட்ஸ்அப்பில் அனுப்பினா ரெண்டு கும்பிடு படம் போட்டு முடிச்சுடுவீங்க, அதான் பேப்பர்.

நடந்தது இது. ஞாயிறு மதியம் 2.40. வண்டி ஒன்று, ஆள் நாலு, ஹெல்மெட் பூஜ்யம், லைசென்ஸ் பூஜ்யம். நாலு பேருக்கும் வயசு பதினேழு, நாலு பேருக்கும் பிளஸ் டூ பரீட்சை பாதியில் நிக்குது. ஓட்டினது உங்க மகன் மனோஜ். சிலமலை விலக்கில் புளியமரத்தில் மோதி மூணு பேர் சிராய்ப்போட எந்திரிச்சுட்டாங்க, அருள்பாண்டி மட்டும் எந்திரிக்கல. வலது தோள்பட்டை எலும்பு ரெண்டாப் போச்சு, தேனி ஆஸ்பத்திரியில கெடக்கான்.

வண்டியை லோடு ஆட்டோவில் ஏத்திக்கிட்டு நேரா என் பட்டறைக்கு வந்தீங்க. "மாப்ளே, பிரேக்கு போயிருச்சு. நீ டிப்ளமா படிச்சவன், நீ சொன்னா ஊரே நம்பும். வெரசா பிரேக் சூ மாத்தி வையி, இருபத்தஞ்சாம் தேதி பரீட்சை முடிஞ்சதும் பயலுக போடிமெட்டு மலைக்கு வண்டியில போறாங்களாம்"னு சொன்னீங்க. மாமா, நான் வீலைக் கழட்டிப் பார்த்தேன். சூவில பாதிக்கு மேல லைனிங் இருக்கு, கேபிள் டைட்டா இருக்கு, லிவரைப் புடிச்சா வீலு நிக்குது. ரோட்டில டயர் தேய்ஞ்ச தடமே இல்லை, அதையும் போய்ப் பார்த்துட்டேன். பய பிரேக்கைத் தொடவே இல்லை. குறை வண்டியில இல்ல, சீட்டுக்கு மேல உட்கார்ந்திருந்துச்சு. பய குடிச்சிருக்கான்னு சொன்னதும் உங்களுக்கு வந்துச்சே ஒரு கோவம்! "எம்மவன் வாயை மோந்து பார்த்தேன்டா, ஏலக்காய் மணக்குது! சாராயமா மணக்குது?"ன்னீங்க. உங்க கூட வந்து பக்கத்தில நின்ன அத்தை அப்பத்தான் வாயைத் திறந்துச்சு. "ஏங்க, நம்ம வீட்டுல எவன் ஏலக்காய் திங்கிறான்? ஏலக்காய்க் கடையில நாள் பூரா அதைப் பொறுக்கிப் பொறுக்கி எனக்குப் பாயாசத்துல கெடந்தாலே குமட்டுது. இவன் சின்னதுல இருந்தே தள்ளி வைக்கிற பய. ரெண்டு மாசமா என் சேலை முந்தியில ஒட்டுனதைக் கூடத் தேடி எடுத்துத் திங்கிறான். வாசத்தை மோந்தீங்களே, அது எதுக்கு வந்துச்சுன்னு மோந்தீங்களா?" வேற ஊர்க்காரன்னா ஏலக்காய் வாசத்தை நம்பலாம். ஏலக்காய் மூட்டைக்கு நடுவுலயே வளர்ந்த போடிக்காரன் வாய்ல ஏலக்காய் மணந்தா அவனை முதல்ல உட்கார வச்சு விசாரிக்கணும் மாமா.

இருபத்தொண்ணு ஆகாதவனுக்கு டாஸ்மாக் கடையில கொடுக்க மாட்டாங்க, எங்கே கிடைச்சதுன்னு என்னையே கேட்டீங்க. யாரோ ஒரு அண்ணன் வாங்கிக் கொடுத்தானாம், அவனைத் தேடிப் புடிச்சு உதைக்கலாம், சரி. ஆனா சிவராத்திரிக்குக் குலசாமி கோயில்ல கருப்பனுக்குப் படைச்ச பாட்டிலைத் திறந்து, "சாமி குடிச்ச மிச்சம், மறுக்கப்படாது"ன்னு மகனுக்கு ஊத்தின அண்ணன் யாரு? கருப்பன் கேட்டது ஒரு பாட்டில். பதினேழு வயசுக்காரனுக்கும் பங்கு வைன்னு அவர் எந்தச் சாமியாடி மூலமாகவும் சொல்லல.

நேத்து சாயங்காலம் அருள்பாண்டியோட அம்மா மருதாயி பட்டறைக்கு வந்துச்சு. வலது கை கட்டுல இருக்கு, மிச்சப் பரீட்சையை எழுதித் தர ஒரு ஆள் வேணும்னு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையா நடக்குது. "ஏப்பா, நீதான் கழட்டிப் பார்த்தியாமே. பிரேக்கா போச்சு?" நீங்க என் தாய்மாமா. என் காதுகுத்துக்கு மடியில உட்கார வச்சவர். "இல்லக்கா"ன்னேன். "அப்ப என் மகன் இனி யார் வண்டியில ஏறுனாலும் பயந்துதான் ஏறணும்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. இனி பிரேக்குக் கதையை ஊருக்குள்ள விக்காதீங்க, வாங்க ஆள் இல்ல.

நேத்து ராத்திரி போன்ல "புரிஞ்சுது மாப்ளே, குடிச்சுட்டு ஓட்டுறது பெரிய தப்பு"ன்னு நீங்க தழுதழுத்தது எனக்கு ஆறுதல். வண்டி என் பட்டறையில, சாவி என் பையில. இருபத்தஞ்சாம் தேதிக்குப் பயமில்லை. அத்தைக்கு என் நமஸ்காரம், மனோஜுக்கு ஆசீர்வாதத்துக்குப் பதிலா ஒரு அறை, நேர்ல வந்து தர்றேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன் ஈஸ்வர்

பி.கு.: மேலே ஆறுதல்னு எழுதினதை அடிச்சுடுங்க. உறையை ஒட்டும்போது உங்க போன் வந்துச்சு. "மாப்ளே, போடிமெட்டுல ஒரு கேதம், எழவு வீட்டுக்கு விடியுமுன்ன வந்தோம். கூட்டாளிக விடல, கொஞ்சம் ஆகிப்போச்சு. நீ சொன்னதை மறக்கலடா, நான் ஸ்டியரிங்கைத் தொடல. மனோஜுதான் நம்ம ஜீப்பை மலையில இருந்து இறக்குறான். பரீட்சை இல்லாத நாள்தானே!" பின்னாடி அவன் சிரிக்கிறது கேட்டுச்சு. போன் கட்டாயிருச்சு, திரும்ப அடிச்சா எடுக்கல. ஆகவே:

1. பட்டறையைப் பூட்டிட்டு இப்பவே மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டுக்குப் போறேன். மலை இறங்க வேற ரோடு இல்லை.
2. அங்கே நிக்கிற போலீஸ்காரர்கிட்ட ஜீப்பு நம்பரைச் சொல்றேன், ஓட்டுறவன் வயசைச் சொல்றேன், பக்கத்துல இருக்கிறவர் எனக்கு என்ன முறைன்னும் சொல்றேன்.
3. ரெண்டு பேரையும் ஊதச் சொல்றேன்.
4. ஜீப்பு வந்து சேரலைன்னா, நான் ஒவ்வொரு வளைவா ஏறி வர்றேன்.