கொக்குகள் அணியில் ஆற்றல் கசிவு

டேட்டன் நகரத்துக் கொக்குகள் அணி முறைப்படி நடக்கும் அணி. பந்துக்குக் காற்றடிக்க அங்கே ஒரு பிரிவு உண்டு. காற்று சரியாக அடிக்கப்பட்டதா என்று பார்க்க இன்னொரு பிரிவு உண்டு. ஆட்டக்காரர்களின் வருங்காலத்தைக் கணக்கிட மூன்றாவது மாடியில் ‘உள்ளாற்றல் மதிப்பீட்டுப் பிரிவு’ என்று ஒன்று இருந்தது. அந்தப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்தவர் டுவேன் ஹாலரன். ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத்து மரப்பலகைகளில் உட்கார்ந்து, எந்தப் பையன் கூடைப்பந்தில் தேறுவான் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. வயது ஐம்பத்தாறு. இரண்டு முழங்காலும் போய்விட்டது. மூத்த பெண் கல்லூரியில் படித்தாள், இளையவள் அடுத்த வருஷம் சேர வேண்டும். வேலை போனால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தைரியம் கிடையாது.

பிப்ரவரி மாதம், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளன்று, கொக்குகள் அணி ரஸ் மால்டனாடோவைக் கொடுத்துவிட்டு ஜேவியன் திபடோ என்ற பத்தொன்பது வயதுப் பையனை வாங்கியது. மால்டனாடோ பதினோரு வருஷம் டேட்டனுக்காக ஆடியவர். ஊரில் இரண்டு பேருக்கு ஒருவர் தன் நாய்க்கு அவர் பெயரை வைத்திருந்தார். பையனோ லூசியானாக்காரன். ஆறடி பதினோரு அங்குலம் வளர்ந்திருந்தான். பெரிய ஆட்டங்களில் மொத்தம் ஒன்பது தடவை இறங்கியிருந்தான். அவனை வாங்கச் சொன்னது டுவேன்தான். அவர் குறிப்பில் இப்படி எழுதியிருந்தது: ‘நன்றாக ஓடுகிறான். நன்றாகக் குதிக்கிறான். எதை எப்போது செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும்.’

ஊர் கொதித்தது. வானொலிக்குப் போன் செய்து அழுதவர்கள் உண்டு. டுவேன் கடைக்குப் போனால், காசு வாங்கும் பெண் முட்டையைப் பையின் அடியில் வைத்து, அதன் மேல் தக்காளி டப்பாக்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

முதல் ஆட்டத்தில் ஜேவியன் நான்கு நிமிஷம் ஆடினான். ஒரு தடவை தவறான பக்கத்துக்கு ஓடினான். ஒரு தடவை பந்தைக் குறிபார்த்து எதிரணிப் பயிற்சியாளரிடம் எறிந்தான். அவர் அதை நன்றாகவே பிடித்தார்.

மறுநாள் காலையில் பிரிவின் தலைவர் பிரெஸ்டன் எபர்ஹார்ட் கூப்பிட்டபோது, டுவேன் தன் மேஜையில் இருந்த பெண்களின் படங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் போனார். எபர்ஹார்ட் இதற்கு முன் ஒரு மெத்தைக் கம்பெனியில் மெத்தைகளின் ஆயுளைக் கணக்கிட்டவர். பந்தைத் தொட்டதில்லை. அதனால் பாரபட்சம் இல்லாதவர் என்று அவரை நியமித்திருந்தார்கள்.

“நேத்து ஆட்டம் பார்த்தேன் டுவேன். பிரமாதம்.”

“சார், பையன் எதிரணி கோச் கையில பந்தைக் கொடுத்தான்.”

“அதைத்தான் சொல்றேன். உச்சவரம்பு நூறுன்னு வைங்க. இன்னிக்கு அவன் இருக்கிற நிலைமை ஆறு. நூறுல ஆறு போனா?”

“தொண்ணூத்தி நாலு.”

“மால்டனாடோ தொண்ணூறு ஆடறார். அவர்கிட்ட மிச்சம் எவ்வளவு இருக்கு? பத்து. பத்தைக் கொடுத்துட்டுத் தொண்ணூத்தி நாலை வாங்கியிருக்கீங்க. உங்களுக்குக் கை குடுக்கணும்.”

அவர் கை கொடுத்தார். டுவேனும் கொடுத்தார். படங்கள் திரும்ப மேஜைக்கு வந்தன.

அன்று சாயங்காலமே அறிக்கை வெளியானது: ‘ஜேவியன் திபடோவின் உள்ளாற்றல் தொண்ணூற்று நான்கு எனத் தக்க ஆய்வுக்குப்பின் தீர்மானிக்கப்பட்டுள்ளது.’ இந்த ஊர் ஜனங்கள் எண்ணைக் கண்டால் அடங்கிப்போவார்கள். ஒரு வாரத்தில் வானொலியில் அழுதவர்களே, அவன் எவ்வளவு மோசமாக ஆடுகிறான் என்று பெருமையாகப் பேச ஆரம்பித்தார்கள். அவன் பந்தைத் தவறவிட்டால் அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. மோகம் வெளியிலும் பரவியது. ஒரு ரொட்டிக்கடைக்காரர் வேகாத மாவை உருட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ரொட்டியைவிட அதிக விலைக்கு விற்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எட்டு மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் அப்பா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். நன்றாகப் படித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூட்டங்களில் வாயைத் திறப்பதில்லை.

டுவேனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பையன் தினமும் எல்லாருக்கும் முன்னால் அரங்கத்துக்கு வந்து, ஒற்றை விளக்கின் கீழே தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். முழங்கையை உள்ளே வை, பந்தை விட்டபிறகும் கையை இறக்காதே என்று இவர் சொல்லிக்கொடுத்தார். மூன்று வாரத்தில் பத்துக்கு நான்கு விழுந்த பந்து, பத்துக்கு எட்டு விழுந்தது.

இதைப் பயிற்சிக் கணக்கில் பார்த்த எபர்ஹார்ட், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். மதிப்பீடு எண்பத்தாறுக்கு இறங்கிவிட்டதாம். அணியின் முதலாளியம்மா ராத்திரி தூங்கவில்லையாம். எட்டு புள்ளி எங்கே போனது என்று எபர்ஹார்ட் கேட்டார். பந்து விழுகிறது சார் என்றார் டுவேன். அதைத்தான் கசிவு என்கிறோம் என்றார் எபர்ஹார்ட். அன்றே சுற்றறிக்கை வந்தது: ‘மேற்படி ஆட்டக்காரருக்கு எவரும் எதையும் கற்றுத்தருதல் கூடாது. ஆற்றல் கசிவைத் தடுக்கும்பொருட்டு அவர் மறு உத்தரவு வரை அமர்த்தி வைக்கப்படுவார்.’

அமர்த்தி வைத்தார்கள். பயிற்சியாளர் காஸ்டெலானோ பழைய காலத்து மனுஷர். அவனை இறக்குகிறேன் என்று சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு தன் வேலையை நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார். பதினெட்டு ஆட்டம் ஜேவியன் குளிர்சட்டையைக் கழற்றாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். மதிப்பீடு மெல்ல ஏறித் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. ஊரில் வாண வேடிக்கை விட்டார்கள்.

அவனுடைய ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிய இருந்தது. ஆடாத பையனை அடுத்த வருஷம் எந்த அணி கூப்பிடும் என்று அவன் டுவேனிடம் கேட்டான்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கொக்குகள் அணியில் மூன்று பேருக்குக் கணுக்கால் சுளுக்கு. இரண்டு பேர் அதிகத் தவறு செய்து வெளியேற்றப்பட்டார்கள். ஆட்டம் முடிய ஏழு நிமிஷம் இருந்தது. களத்தில் இறங்க ஐந்தாவது ஆள் இல்லை. காஸ்டெலானோ மாடியில் இருந்த எபர்ஹார்டைப் பார்க்காமல் ஜேவியனின் சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினார்.

ஏழு நிமிஷத்தில் அவன் பதினாறு புள்ளி எடுத்தான். கொக்குகள் ஜெயித்தார்கள். இருபதாயிரம் பேர் இருந்த அரங்கில், சுடுகாடு மாதிரி ஒரு சத்தம் இல்லை. யாரோ ஒரு குழந்தை கை தட்டியது. அதன் அம்மா அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் மதிப்பீடு நாற்பத்தொன்று. எபர்ஹார்ட் ஒரு தாளை டுவேன் முன் நகர்த்தினார். அந்தப் பதினாறு புள்ளியும் தற்செயலாக விழுந்தவை என்று அதில் எழுதியிருந்தது. டுவேன் கையெழுத்துப் போட்டால் மதிப்பீடு திரும்ப ஏறும். பையனுக்கும் இன்னும் ஒரு வருஷம் ஒப்பந்தம் கிடைக்கும், உட்காருவதற்கு. டுவேன் வேலையும் நிலைக்கும்.

டுவேன் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப்போய் ஜேவியனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“உக்காந்தா சம்பளம் நிச்சயம் தம்பி. யோசிச்சுச் சொல்லு.”

அவன் பந்தை மடியில் வைத்துக்கொண்டான்.

“எங்கம்மா தினம் போன்ல ஒண்ணுதான் கேப்பாங்க டுவேன் சார். இன்னிக்கு வெளையாடினியான்னு. ரொம்ப நாளுக்கப்புறம் நேத்துதான் ஆமான்னு சொன்னேன். சொன்னதும் போனை வெச்சுட்டு அழப் போயிட்டாங்க.”

டுவேன் மாடி ஏறினார். அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில், ‘நன்றாக ஆடுகிறான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி நடந்தது. நன்றாக ஆடுகிறான் என்று எழுத்தில் வந்துவிட்டதால், ஜேவியனிடம் எதிர்பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று தீர்மானமானது. ஏப்ரல் முடிவதற்குள் அவனை மில்வாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டு, ஏழு வருஷம் கழித்து வரப்போகும் ஒரு புதிய ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கினார்கள். அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. இப்போது எங்கேயோ ஆறாம் வகுப்பில் இருக்கலாம். உள்ளாற்றல் நூறு.

டுவேனையும் அதே கணக்கில் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷ அனுபவத்துக்குத் தொண்ணூற்றெட்டு போட்டு, அதை நூறிலிருந்து கழித்தபோது மிச்சம் இரண்டு வந்தது. நன்றி தெரிவித்து அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்தில் ஒரு பெண் வந்தாள். கூடைப்பந்து குளிர்கால விளையாட்டா கோடைக்கால விளையாட்டா என்று முதல் நாளே கேட்டாளாம். மதிப்பீடு தொண்ணூற்றேழு.

டுவேன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பந்து கற்றுக்கொடுக்கப் போனார். சம்பளம் பாதி. இளைய பெண் ஊரிலிருந்தே படிக்கக்கூடிய கல்லூரியில் சேர்ந்தாள்.

நவம்பரில் மில்வாக்கி அணி டேட்டனுக்கு வந்தது. டுவேன் சொந்தக் காசில் சீட்டு வாங்கி மேல்வரிசையில் உட்கார்ந்தார். ஜேவியன் முப்பத்தொன்பது புள்ளி எடுத்துக் கொக்குகளை நொறுக்கினான். ஊர் ஜனங்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நம்ம பிரிவு தொண்ணூத்தி நாலுன்னு அன்னிக்கே சொல்லிச்சே, எப்படிப் பலிச்சுது பாத்தீங்களா என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

இடைவேளையில் விளக்கை அணைத்து, கொக்குகள் அணியின் பெஞ்சில் கடைசியாக இருந்த ஒரு காலி நாற்காலி மீது மட்டும் வெளிச்சம் அடித்தார்கள். அதன் முதுகில், ஏழு வருஷம் கழித்து வரப்போகிறவனுக்காக, பெயர் இல்லாத ஒரு சட்டை மாட்டியிருந்தது. இருபதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “இதுவரைக்கும் ஒரு பந்துகூடத் தவறவிடலை பாருங்க.”

டுவேன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் முழங்கால் வலித்தபோதுதான் தானும் எழுந்து நின்றுகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அவர் அந்த நாற்காலியைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

“இடதுபக்கம் மட்டும் கொஞ்சம் பலவீனம் இருக்கும்னு தோணுது,” என்றார். “சொல்லிக்கொடுத்தா சரியாயிடும்.”