வீட்டைப் பார்க்காத ரிவர்ஸ் காக்கா

வீட்டை ஏறிட்டும் பார்க்காமல் வீடு வாங்கித் தரக்கூடிய ஒரே தரகர் இந்த உலகத்தில் எங்கள் ரிவர்ஸ் காக்காதான். காத்தான்குடியின் வேன் திரும்ப இடமில்லாத ஒழுங்கைகளில் ஓட்டிய காலத்தில் அவர் முன்னால் போனதைவிடப் பின்னால் போனதுதான் அதிகமாம். அதனால் வந்த பெயர். ஓட்டம் குறைந்ததும் வீட்டுத் தரகில் இறங்கிவிட்டார். சொந்தப் பெயரை நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை; ஊரில் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன்.

கட்டாரில் இருக்கும் என் கணவருக்குத் திடீரென்று ஓர் ஆசை: மட்டக்களப்பில் தொடர்மாடி வீடொன்று வாங்கி வாடகைக்கு விடவேண்டும். ஆசை அவருக்கு, அலைச்சல் எனக்கு. முதலில் பார்த்தது வாவிக்கரையில், மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்ததும் காற்றும் வாவியும் ஒன்றாக உள்ளே வந்தன. நான் அந்த இடத்திலேயே உருகிவிட்டேன்.

“காக்கா, மேல வந்து பாருங்களன்!”

“மேல என்ன புள்ள இருக்கு? வீடுதானே!” என்று கீழிருந்து பதில் வந்தது.

இறங்கிப் போனால், அந்த வீட்டுக்குரிய பார்க்கிங்கில் தன் கிழட்டு வேனை ரிவர்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் தூண்கள். வேன் அளவெடுத்ததுபோல உள்ளே போனது. கதவுதான் திறக்கவில்லை. விற்க வந்தவர் மரியாதைக்குத் தேநீர் கொண்டுவந்தார்.

“எனக்கு இஞ்ச தாங்க தம்பி, இறங்க ஏலாது” என்று ஜன்னலால் கையை நீட்டினார் காக்கா. உள்ளேயே இருந்து ஆறுதலாகக் குடித்தும் முடித்தார். விற்க வந்தவருக்கு முகம் வெளிறிவிட்டது.

எனக்கோ கோபம். “வாடகைக்கு வாறாக்கள் மோட்டர் சைக்கிள்ல வருவாங்க. பார்க்கிங் என்னத்துக்கு?”

“கார் வெச்சிருக்கிறவன் வந்து பாத்திட்டுத் திரும்பிப் போனா வீடு சும்மா கிடக்கும். வாவியா வந்து வாடகை தரப்போகுது?”

அடுத்த கட்டடத்தில் பார்க்கிங் நல்ல விசாலம். எனக்கு நிம்மதி, காக்காவுக்கு இல்லை. காவலாளியின் பிளாஸ்டிக் கதிரையை வாங்கி, எங்களுக்கென்று காட்டிய இடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து ஹோர்ன் அடித்தது. அன்றுதான் சாமான் இறக்க வந்த பல் வைத்தியர்.

“எழும்புங்க ஐயா, இது என்ட இடம்!”

அவர் சொல்லி முடிக்கவில்லை, பின்னாலேயே இன்னொரு கார். அதிலிருந்து இறங்கிய அம்மாவும் அதையேதான் சொன்னார். ஒரே இடத்தை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறார்கள். மூன்றாவதாக மாட்ட இருந்தது நான்! அவர்கள் இருவரும் சண்டையில் இறங்க, காக்கா கதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வாங்க புள்ள, போவம்” என்றார்.

கடைசியில் அவர் வாங்கவைத்த வீட்டில் பார்க்கிங் லிஃப்ட் வாசலோடு ஒட்டியிருந்தது. வாவிதான் இல்லை.

“காக்கா, ஜன்னலத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரெல்லோ தெரியுது!”

“வாடகைக்கு இருக்கிறவன் பாக்கட்டும். நீங்க ஏன் பாக்கிறீங்க?”

வாடகைக்கு வந்தவர் வந்தாறுமூலை கம்பஸில் படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளர். நடக்க முடியாத தாயும் அவரும் மட்டும். காரும் இல்லை, மோட்டர் சைக்கிளும் இல்லை, பஸ்ஸில் போகிறவர். உடனே போன் எடுத்தேன்.

“உங்கட பார்க்கிங் சும்மா கிடக்குது காக்கா!”

“சும்மாவா? அப்ப சரி, நான் பாத்துக்கொள்றன்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் எனக்குச் செய்தி வந்தது: அங்கே ஒரு கிழட்டு வேன் அடிக்கடி நிற்கிறதாம். என் இடத்தில் இவருக்கு ஓசிப் பார்க்கிங்கா? ஏசித் தீர்ப்பதற்கென்றே ஓட்டோ பிடித்துப் போனேன்.

வேனின் பின்கதவு லிஃப்ட் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு பலகை சரிவாக இறங்கியது. தாயின் சக்கர நாற்காலியைக் காக்கா அதில் மூச்சுவாங்கத் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தார். “தலை கவனம் உம்மா, தலை கவனம்!” பக்கத்தில் விரிவுரையாளர் மருந்துப் பையோடு நின்றார். கிழமைக்கொருக்கா கிளினிக் போய்வருவது இப்படித்தானாம். பெற்றோல் காசுக்கு மேல் காக்கா வாங்குவதே இல்லையாம்.

என்னைக் கண்டதும் காக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. “அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க புள்ள, ரிவர்ஸ் எடுக்கோணும்!” என்று அதட்டினார். முன்னால் பாதை திறந்துதான் கிடந்தது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, விரிவுரையாளர் பெயின்ற் பற்றியோ தண்ணீர்த் தாங்கி பற்றியோ கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்:

“இனியும் காக்கா வருவார்தானே?”

“வராட்டி, நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்” என்றேன்.