கச்சேரிக்கு முன்னால் ஒரு மன்னிப்பு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் மாப்பிள்ளையும் அவருடைய இசைக்குழுவினரும் இங்கே நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலம்தானே? தங்கள் இரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது இப்போதிருக்கும் அளவில் நிற்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் தாங்கள் சத்தம் போட்டால் நான் எதைச் சொல்ல வந்தேனோ அதற்கு நேர்மாறானதை ஒப்புக்கொண்டுவிடுவேன் என்பது நம் இருவருக்குமே தெரியும். ஆகவே கடிதம். எழுத வந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன், இல்லையென்றால் எனக்கே வழி தப்பிவிடும்.

1. நாங்கள் இந்த நாட்டுக்குள் நுழைந்த விதம்.
2. எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பும் அதை நான் நிறைவேற்றிய முறையும்.
3. கச்சேரிகள் நடந்த விதம்.
4. இவர்களுடைய இசை இந்நாட்டு மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பது.
5. ஆகவே மாப்பிள்ளை தங்கள் கடைக்கு வந்துவிடுவதே நல்லது என்பது.

புறப்படுவதற்கு முன் தங்கள் கடையில், குழாய்க் கட்டுகளுக்கும் பக்கெட்டுகளுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாம் பேசியதை நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை தங்களிடம், "அப்பா, இந்த ஒரு வெளிநாட்டுப் பயணம் மட்டும். நாலு ஊரு. ஜனங்க கேக்கலைன்னா கிட்டாரைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டுக் கல்லாவுல வந்து உக்காந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்தார். அதற்குத் தாங்கள் என் பக்கம் திரும்பி, "இவன் சொன்னா நம்ப மாட்டேன். கூட்டத்தைப் போட்டோ புடிச்சு அனுப்பினாலும் நம்ப மாட்டேன். சம்பந்தி, நீங்க கூடப் போங்க. நீங்க எழுதறதுதான் கணக்கு" என்றீர்கள். அன்று முதல் எனக்குச் சாப்பாடு சரியாகச் செல்லவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பு என் பேனா முனையில் நிற்கிறது, அந்த மனிதன் என் மகளின் கணவனாகவும் இருக்கிறான் என்றால் யாருக்குத்தான் செல்லும்?

முதல் குறிப்புக்கு வருகிறேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி எங்கள் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஒரு நாட்டுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைக்கிறோம், அவர்கள் தங்கள் கடமையை முழுமையாகச் செய்ய நாம் உதவ வேண்டாமா என்று தோன்றியது. "ஐயா, அந்தப் பெரிய டிரம்முக்கு உட்புறம் காலியாக இருக்கும், தாங்கள் ஒருமுறை பார்த்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். இன்னும் இருவரை அழைத்தார். ஒருவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். டிரம் வாசிக்கும் பையனை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் தன் டிரம் தோல் வேறு, வளையம் வேறு, ஆணி வேறாக மேசைமேல் பரப்பப்படுவதைப் பார்த்தபடி, "மாமா, நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?" என்றான். "ஒண்ணுமில்லப்பா, நாளைக்கு அவங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துடக் கூடாது பாரு" என்றேன். "அவருக்குச் சந்தேகமே வரல மாமா! தூங்கிட்டிருந்த சந்தேகத்தை நீங்கதான் எழுப்பி, மூஞ்சி கழுவிவிட்டுக் கூட்டிட்டு வந்தீங்க!" என்றான். இளைஞர்களுக்கு முன்யோசனை குறைவு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, என் பொறுப்பு. குழுவின் மேலாளர் புறப்படுவதற்கு முந்தின வாரம் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், அவர் வேலையில் ஒரு பகுதியை என்னிடம் ஒப்படைத்தார்கள். "பெரிசா ஒண்ணுமில்ல மாமா. நீங்க இங்கிலீஷ் நல்லா பேசுவீங்க. நாங்க வர்றதுக்கு முன்னாடி மண்டபத்துக்குப் போயி, அங்க இருக்கறவங்களைப் பாத்து, நாங்க வர்றோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்" என்றார் மாப்பிள்ளை. ஒரு வார்த்தை சொல்வதற்கு என்னை அழைத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். நான் பணிக்காலம் முழுவதும் கல்லூரி நூலகத்தில், 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவன். நாற்காலி இழுபடும் சத்தத்துக்கே எழுந்து நின்று பார்ப்பேன். அப்படிப்பட்டவன் ஓர் அந்நியர் மண்டபத்துக்குள் இடியைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறான் என்றால், முன்கூட்டியே ஒரு மன்னிப்புக் கேட்காமல் எப்படி இருப்பான்? எனவே ஒவ்வோர் ஊரிலும் வந்த செய்தியைச் சொன்னதோடு, என் சொந்தப் பொறுப்பில், முறையாக மன்னிப்பும் கேட்டுவந்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பாராட்டுக்காகவும் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் துயரமான பகுதி. முதல் ஊரில் மண்டபத்தின் பொறுப்பாளர் ஓர் அம்மையார், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவரிடம், "எங்கள் பிள்ளைகள் நல்லவர்கள், ஆனால் சற்றுச் சத்தமானவர்கள், அதற்காக இப்போதே வருந்துகிறேன்" என்றேன். எவ்வளவு சத்தம் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. இவர்கள் ஒருமுறை எங்கள் வீட்டு மாடியில் ஒத்திகை பார்த்தபோது சமையலறை அலமாரியிலிருந்து டம்ளர்கள் தாமாக நடந்து வந்து கீழே விழுந்ததைச் சொன்னேன். அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். மாலையில் போனால், பெரிய மண்டபத்தில் கச்சேரி இல்லை என்றும், பின்பக்கம் உடைந்த நாற்காலிகள் வைத்திருக்கும் அறையில்தான் என்றும் ஆகிவிட்டது. அந்த அறைக்கு வழி கண்டுபிடித்து வந்தவர்களே சிலர். அவர்களிலும் பாதிப் பேர் கழிப்பறையைத் தேடி வந்தவர்கள், தேடியது கிடைக்காததால் போய்விட்டார்கள். பெரிய மண்டபத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டு இப்படிச் செய்யும் மக்களுக்கு இசையில் என்ன ஆர்வம் இருக்க முடியும், தாங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் ஊரில் ஓர் உணவு விடுதி. சாப்பிட வருபவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நான் முதலாளியிடம் கவலைப்பட்டேன். அவரும் கவலைப்பட்டார். இருவரும் சேர்ந்து கவலைப்பட்டதில் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பது என்று முடிவாயிற்று. வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்: 'இன்று மாலை ஏழு மணி முதல் இவ்விடத்தில் இசை நிகழும். அமைதியை விரும்பும் அன்பர்கள் அதற்கு முன்பே உணவருந்திச் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' அன்பர்கள் அனைவரும் அமைதியை விரும்புகிறவர்களாக இருந்துவிட்டார்கள். ஏழு மணிக்கு மேடைக்கு எதிரே இருந்தது நானும் பாத்திரம் கழுவுபவரும்தான். அவரும் கையுறையைக் கழற்றவில்லை.

மூன்றாம் ஊரில் ஒரு கல்லூரி அரங்கம். அங்கே சவுண்டு பார்க்கும் மனிதரைக் கண்டு, வயதானவர்களின் காதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன். எனக்கு மட்டும் கொஞ்சம் பஞ்சு கிடைக்குமா என்றும் கேட்டேன். தங்கமான மனிதர்! வாசலில் ஒரு கிண்ணம் நிறைய காதடைப்பான் வைத்து, வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் அதைப் பெப்பர்மின்ட் என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றேன் என்பதைத் தாங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். அன்று ஒலியை அவர் எந்த அளவில் வைத்தார் என்றால், மாப்பிள்ளை கழுத்து நரம்பு புடைக்கப் பாடியதைவிட மேலே சுற்றிய மின்விசிறி நன்றாகக் கேட்டது. இறங்கி வந்த இடி, "மாமா, நான் அடிச்சது எனக்கே கேக்கல. ஊமைப் படத்துல நடிச்ச மாதிரி இருக்கு" என்றான்.

அங்கிருந்து வேனில் வரும்போது நடந்த பேச்சையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் வயலின் வாசிக்கும் பெண்ணை டீச்சர் என்பார்கள், இசைப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவள். அவள், "எனக்கு ஒண்ணு புரியல. மூணு ஊர்லயும் நாம போய் இறங்கறதுக்கு முன்னாடியே நம்மளப் பாத்து பயப்படறாங்க. எப்படி?" என்றாள். "போஸ்டர்ல உன் மூஞ்சிதானே பெரிசா இருக்கு, அதான்" என்றான் இடி. "உன் மூஞ்சியப் போட்டிருந்தா அந்த ஊர்க்காரங்களே காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க" என்றாள் அவள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்து வந்தார். புதுப் பாட்டாக இருக்குமோ என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். "அரை இஞ்சு எல்போ, முக்கால் இஞ்சு டீ, ஒரு இஞ்சு வால்வு" என்று சொல்லிக்கொண்டிருந்தார், சம்பந்தி. தங்கள் கடைச் சாமான்களை மனப்பாடம் செய்கிறார். பிறகு என்னிடம், "அப்பாவுக்கு எழுதிட்டீங்களா மாமா?" என்றார். "இன்னும் இல்ல மாப்பிள்ளை." "எழுதிடுங்க. உள்ளத உள்ளபடி எழுதுங்க. எனக்காக ஒண்ணும் கூட்டியும் எழுத வேண்டாம், குறைச்சும் எழுத வேண்டாம். நான் கோச்சுக்க மாட்டேன்." 

நான்காவது ஊரில் இன்று மாலை கச்சேரி. அதைப் பார்த்துவிட்டு எழுதலாமே என்று நினைத்தேன். ஆனால் மூன்று ஊர்களில் மூன்று விதமாகத் தெரிந்துவிட்ட ஒன்றுக்கு நான்காவது சாட்சி எதற்கு? நேற்று வேனில் அடித்த குளிர்காற்றில் எனக்குத் தொண்டை வேறு சுத்தமாகக் கட்டிவிட்டது. ஆகவே நான்காம் குறிப்பை இங்கே உறுதிசெய்கிறேன்: இந்நாட்டு மக்களுக்கு இவர்களுடைய இசை பிடிக்கவில்லை. மக்கள் மரியாதையானவர்கள், அதைச் சொல்லாமல் செயலில் காட்டுகிறார்கள். ஐந்தாவது, எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்: மாப்பிள்ளை கடைக்கு வரட்டும். அவரைக் கல்லாவில் உட்கார வைக்கும் முதல் நாளன்று தாங்கள் எதுவும் குத்திக்காட்டாமல் இருந்தால் அது எனக்குச் செய்யும் உதவி. என் மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், அவள் தங்களோடும் சண்டை போடுவாள், என்னோடும் போடுவாள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். கடையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் என் அன்பு. தங்கள் குடும்பமும் வியாபாரமும் ஒரு சொட்டும் ஒழுகாத குழாய்போல் நீடூழி விளங்க வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு: இது மறுநாள் காலை எழுதுவது. உறையை ஒட்டிவிட்டேன், பிறகு ஆவியில் காட்டித் திறந்தேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னான் இடி. நூலகத்தில் நாங்கள் பிழையுள்ள புத்தகத்தைக் கிழிப்பதில்லை, பிழைதிருத்தம் ஒட்டுவோம். அப்படியே இதையும் கொள்ளவும்.

நேற்று மாலை வழக்கம்போல் முன்னாலேயே மண்டபத்துக்குப் போனேன். பொறுப்பாளர் கை கொடுத்தார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. எவ்வளவு முயன்றும் மன்னிப்பில் முதல் எழுத்துக்கூட வெளிவரவில்லை. அவர் என்னை உட்காரவைத்து வெந்நீர் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பெரிய மண்டபத்தைத் திறந்தார்கள். விளக்குப் போட்டார்கள். வாசலில் பலகையும் இல்லை, கிண்ணமும் இல்லை. ஜனம் வந்தது, சம்பந்தி! உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். இரண்டாவது பாட்டிலேயே எழுந்துவிட்டார்கள். மொழி தெரியாத பாட்டுக்குத் தரையை உதைத்துத் தாளம் போடுகிறார்கள். என் பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் கைத்தடியால் போட்ட தாளம் முழுவதும் என் கால் பெருவிரலில்தான் விழுந்தது. கத்தவும் எனக்குக் குரல் இல்லை. கடைசிப் பாட்டை மறுபடி மறுபடி பாடவைத்துத்தான் விட்டார்கள்.

பிறகு டீச்சர் ஓடிவந்து, "மாமா, இன்னிக்கு அவங்ககிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?" என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்று கையசைத்தேன். அவள் முகம் மாறியது. "அப்ப, மத்த ஊர்லல்லாம் என்ன சொன்னீங்க?" என்றாள். மாப்பிள்ளை காதோடு வாயை வைத்து, வந்த காற்றிலேயே சொன்னேன். டம்ளர் கதை, பலகை, பஞ்சு, எல்லாம். அவர் அதை மற்றவர்களுக்குச் சொன்னார். இடி சிரித்த சிரிப்பில் டிரம் பெட்டிக்குள் மல்லாக்க விழுந்துவிட்டான், எடுக்க இருவர் தேவைப்பட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவையும் நீங்கதான் மாமா வரணும். தொண்டைக்கு மட்டும் விசா எடுக்க வேண்டாம்" என்றார். மண்டபத்துக்காரர் அவர்களை மறுபடி வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்பதையும், அதற்கு மாப்பிள்ளை, "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் பதில் சொன்னார் என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும்.

நான் எழுதுவதுதான் கணக்கு என்றீர்கள். ஆகவே எழுதுகிறேன். நான்காம் குறிப்பில் மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்பது தவறு. அந்த மூன்று ஊர்களிலும் மக்களை நான் கேட்கவே விடவில்லை.