எட்டெழுத்து மந்திரம்

இரண்டாயிரத்து ஏழில் திருப்போரூருக்கு வந்த கூட்டமெல்லாம் முருகனைப் பார்க்கத்தான் என்று நினைத்தால், நீங்கள் அப்பாவி. பாதிக் கூட்டம் ஓ.எம்.ஆர். சாலை அடுக்ககம் ஒன்றின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு வந்த அலைச்சித்தரைப் பார்க்க வந்தது. செங்கல்பட்டிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள்.

வயர்லெஸ் இன்டர்நெட் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. காற்றில் வருவதைக் காற்றுச் சேட்டை பிடிக்கும் என்றார் சித்தர். எம்.டெக். படித்தவர்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பரிகாரம், அலைக்கட்டு! இன்டர்நெட் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, வீட்டுக்காரர் காதில் மட்டும் எட்டெழுத்து மந்திரம் ஓதுவார். அதையே பாஸ்வேர்டாகப் போட வேண்டும். வெளியே சொன்னால் பலிக்காது. எட்டெழுத்துக்குக் குறைந்தால் பெட்டியே ஏற்காது. அதுவும் சித்தர் மகிமையாம்!

அதே அடுக்ககத்தில் குடியிருந்த தாமோதரனின் மகள் ஸ்வாதிக்குப் புனேயில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வேலைக் கடிதத்தை வீட்டுக் கம்ப்யூட்டரின் பொது ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"பொண்ணுக்குப் புனேல வேல வந்துகீது. அவ போனா ஒன் உசுருக்குக் கண்டம்," என்றார் சித்தர் தாமோதரனிடம்.

"சாமியே சொல்லிட்டாரு. நீ போவாத," என்றார் தாமோதரன்.

ஸ்வாதிக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. சாமிக்கு எல்லாம் தெரிகிறதே என்று அப்பா சிலிர்த்தார். இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று மகள் யோசித்தாள்.

அன்றே அந்த ஃபோல்டரில் இன்னொரு கடிதம் எழுதிப் போட்டாள்: 'டாக்டர், சின்னப்பொண்ணுக்கு மூச்சுத் திணறுகிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.' மறுநாள் அப்பாவை இழுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே போய் நின்றாள்.

"சாமி, மனசுல ஒரு கவலை. இன்னான்னு நீங்களே சொல்லுங்க."

சித்தர் கண்ணை மூடி உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார். "சின்னப்பொண்ணு... மூச்சு வுட முடியாம கெடக்கறா. கத்தி வைக்கப் போறாங்கோ!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தாமோதரன் திருதிருவென விழித்தார். "சாமி, சின்னப்பொண்ணுன்றது எங்க மொபெட்டு. வாசல்லதான் நிக்குது."

"அது... வண்டிக்குள்ள ஒரு ஆத்மா கீது," என்றார் சித்தர்.

"நீங்க படிச்ச கடுதாசி எங்க கம்ப்யூட்டர்லதான் கீது," என்றாள் ஸ்வாதி. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, அப்பா பெட்டியில் போட்டிருந்த பாஸ்வேர்டை உரக்கச் சொன்னாள்: "ஓ, எம், கே, ஏ, டி, டி, யு, கடைசில ஒண்ணு!"

"ஐயோ, சொன்னா பலிக்காதே!" தாமோதரன் அவள் வாயைப் பொத்த வந்தார்.

"அது என் மந்திரமாச்சே!" என்றார் மாடிவீட்டுப் பட்டாபிராமன்.

"இல்ல, என்னோடது!" என்றாள் எதிர்வீட்டு லதா.

எல்லா வீட்டுக்கும் ஒரே மந்திரம். எல்லாரும் ஒழுங்காக ரகசியம் காத்ததால் அது ஒருவருக்கும் தெரியவில்லை. சித்தர் எழுந்த வேகத்தில் ஆசனத்துத் துணி விலகியது. அடியில் ஒரு லேப்டாப். சின்னப்பொண்ணின் கடிதம் அதில் திறந்தே கிடந்தது. மந்திரம் தெரிந்தவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்த வீட்டு இணைப்பிலும் நுழைந்து பொது ஃபோல்டரைப் படிக்கலாமே!

"போய்ட்டு வாம்மா," என்றார் தாமோதரன் தலைகுனிந்து. ஸ்வாதி புனேவுக்குப் பதில் போட்டுவிட்டு, பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தாள். அப்பா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"மாத்தறதுக்கு நல்ல நேரம் பாக்க வேணாமா?"

எட்டெழுத்துக்குக் காதை நீட்டிய பெருமக்களே, 'ஏன்' என்பது இரண்டே எழுத்து. அதை யாரும் உங்கள் காதில் ஓத வேண்டியதில்லை. வாயைத் திறந்து நீங்களே கேட்கலாம்.